பட்டி பார்க்காத விரிசல்

கார்த்தி,

இந்தப் பொங்கலுக்கு நீ வரவில்லை. அப்பாவின் போனில் பேசினாய். மகிழ் ஸ்பீக்கரில் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியது அடுப்படி வரைக்கும் கேட்டது. "தாத்தா, பாட்டிகிட்ட குடு" என்று அவள் சொன்னதும் கேட்டது. நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் லைன் கட்டாகிவிட்டது. சிக்னல் போய்விட்டது என்றார் அப்பா. அவருக்குப் பொய் சொல்ல வராது; சொல்லும்போது காதைச் சொறிவார். ஆனி மாதத்திலிருந்து நீ என்னோடு பேசவில்லை. இது மன்னிப்புக் கடிதமாக இருக்கும் என்று நினைத்துப் பிரித்திருந்தால் ஏமாந்துபோவாய். செய்ததைத் தெரிந்துதான் செய்தேன். நாளைக்கே அந்தப் பெண் திரும்பவும் நம் வாசலில் வந்து நின்றாலும் அதையேதான் செய்வேன். ஆனால் நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். அன்றைக்கு நீ போனைப் பாதியில் வைத்துவிட்டாய். மீதியை எழுதுகிறேன். கோபமாகவே படி, பரவாயில்லை, ஆனால் கடைசி வரை படி.

விரிசல் எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. கண்ணில் பட்டது போன வருஷத்து மழைக்கு முந்தின மழைக்குப் பிறகு. கொல்லைப்புறத்தில் நீல டிரம் இருக்குமே, அதை நகர்த்திப் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வடமேற்கு மூலையில், தரையை ஒட்டி ஓடுகிற கான்கிரீட் உத்தரத்தில், மேலிருந்து கீழாகச் சாய்ந்து ஒரு கோடு. கொத்தனார்கள் பிளிந்த் பீம் என்பார்களே, தூணுக்குத் தூண் வீட்டைச் சுற்றி ஒட்டியாணம் மாதிரி கட்டியிருக்கும், அதில்தான். ஆவடி குவார்ட்டர்ஸை விட்டு வந்து நசரத்பேட்டையில் மனை வாங்கி, அந்தக் கான்கிரீட்டைக் கொட்டிய அன்று நீயும்தான் நின்று பார்த்தாய். மிக்சர் மெஷின் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து தினமும் இரண்டு வேளை சாக்கு போட்டுத் தண்ணீர் விட்டது நீதான். "காயவிட்டா வெடிச்சிடும்மா, மேஸ்திரி சொன்னாரு" என்று எனக்கே பாடம் எடுத்தாய். அதனால் விரிசலைப் பார்த்ததும் முதலில் உனக்குத்தான் போன் செய்தேன். நீ மீட்டிங்கில் இருந்தாய். அப்புறம் பேசுகிறேன் என்றாய். அப்புறம் என்பது வீட்டை விற்கலாம் என்று நீ முடிவு செய்த பிறகுதான் வந்தது.

விற்கக் கூடாது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை, அதை ஞாபகம் வைத்துக்கொள். பெங்களூரில் பெரிய ஃப்ளாட்டாக வாங்கி எல்லோரும் ஒன்றாக இருக்கலாம் என்று நீ சொன்னபோது உன்னைவிட எனக்குத்தான் ஆசை அதிகம். மகிழைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுவது நான், சாயங்காலம் பார்க்குக்குக் கூட்டிப்போவது அப்பா என்று வேலைகூடப் பிரித்தாயிற்று. அப்பா தன் சைக்கிளைப் பால்காரருக்குக் கொடுத்தேவிட்டார். அந்தச் சமயத்தில்தான் விரிசலை உனக்கு மறுபடி ஞாபகப்படுத்தினேன். முன்பு ஒரு சாண் இருந்தது, இப்போது சுவருக்கு ஏறிவிட்டது, ஜன்னல் கட்டை வரைக்கும் வந்துவிட்டது என்று சொன்னேன். நீ சிரித்தாய். "அம்மா, பட்டி பாத்து பெயின்ட் அடிச்சா ஒண்ணும் தெரியாது. புரோக்கர்கிட்ட சொல்லியிருக்கேன், ஆள் வருவான், கதவ மட்டும் தொறந்து விடு" என்றாய்.

ஆள் வந்தான். பாபு என்று பெயர். வாளி, தகடு, இரண்டு மூட்டை பட்டி எல்லாவற்றையும் டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். நான் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். குந்தி உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்தான்.

"இன்னாமா, நல்லாவே வாய பொளந்துகினு கீது. ஒரு கோட்டிங்ல அடங்காது, ரெண்டு கோட்டிங் இழுக்கணும்."

"இழுத்தா சரியாயிடுமா?"

"சரியாவாது. தெரியாது." அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்த மழைக்கு மறுக்கா காட்டும். அதுக்குள்ள நீங்க வித்துகினு பூடுவீங்கன்னு சார் சொன்னாரு."

அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்ததும் மூட்டையை வண்டியில் திரும்பக் கட்டச் சொன்னேன். "சார் கேட்டா இன்னா சொல்றது?" என்றான். "அம்மா விடலன்னு சொல்லு" என்றேன். அவன் அப்படியே சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நீ என்னைக் கூப்பிட்டு, கெஞ்சலும் கோபமுமாகப் பேசினாய். எல்லோரும் இப்படித்தான் விற்கிறார்கள், வாங்குகிறவன் இன்ஜினியரைக் கூட்டிவந்து பார்க்க வேண்டும், அது அவன் பாடு என்றாய். "நமக்கு மனைய வித்தவன் சொன்னானா, இது தண்ணி நிக்கற பள்ளம்னு?" என்று கேட்டாய். சொல்லவில்லைதான். அந்த ஆளை இத்தனை வருஷமாக ஒவ்வொரு மழைக்கும் நான் திட்டிக்கொண்டிருப்பது உனக்கும் தெரியும். நாளைக்கு இன்னொருத்தி இதே கொல்லையில் முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டு என்னைத் திட்ட வேண்டுமா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் பார்த்த வேலையை நீ மறந்திருக்க மாட்டாய். வார்ப்புப் பட்டறையிலிருந்து வரும் இரும்பு உருப்படிகளில் விரிசல் பார்க்கிற வேலை. சிவப்பு மருந்தைப் பூசி, கொஞ்சம் ஊறவிட்டு, துடைத்து, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தால், கண்ணுக்கே தெரியாத கீறலுக்குள் போன சிவப்பு மெல்ல எழுந்து கோடாக நிற்கும். என் விரல் நுனிகளைப் பார்த்துவிட்டு உன் மூன்றாம் வகுப்பு டீச்சர் மருதாணி நன்றாகப் பிடித்திருக்கிறது என்றாள். "மருதாணி இல்ல மிஸ், அது கிராக் பாக்கற கலர்" என்று நீ சொன்னாய். ஒரு தடவை லாரி வாசலில் நிற்கிறது, நேரமாகிறது, முத்திரையைக் குத்து என்று சூப்பர்வைசர் வந்து நின்றார். கீறல் விழுந்ததைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுக் குத்துகிறேன் என்றேன். அப்படியென்றால் நீ பேக்கிங்குக்குப் போ என்றார், போனேன். பேக்கிங்கில் ஓவர்டைம் கிடையாது, உனக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன சைக்கிள் தள்ளிப்போயிற்று. அப்போதும் நீ என்னோடு பேசவில்லை. பிறகு என்னைப் பழைய இடத்துக்கே கூப்பிட்டார்கள். சைக்கிளும் வந்தது, உன் பேச்சும் வந்தது. அதற்கும் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வீடு பார்க்க வருகிறவர்களைப் பற்றி முந்தின நாளே சொல்லியிருந்தாய்: புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், அந்தப் பெண்ணுக்கு அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல மனிதர்கள், புரோக்கர் காட்டிய படங்களைப் பார்த்தே முன்பணம் கொடுத்துவிட்டார்கள். என்னிடம் சத்தியம் வாங்குகிற மாதிரி ஒன்று சொன்னாய்: "கேட்டா மட்டும் பதில் சொல்லும்மா. கேக்காதத நீயா எடுத்து சொல்லாத." நானும் சரி என்றேன். அதை மீறக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். டிரம் விரிசலை மறைத்துக்கொண்டுதான் நின்றது. நான் அதை நகர்த்தவில்லை.

ஆட்டோவில் வந்தார்கள். பவித்ரா, அவள் புருஷன் அஜய், பின்னால் பைக்கில் புரோக்கர். பவித்ரா புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண். ஒல்லியாக, பேச்சில் பரபரப்பாக இருந்தாள். உள்ளே போனதும் நேராக அந்த வடமேற்கு அறைக்குத்தான் போனாள். கையால் சாண் போட்டு அளந்தாள். "ஏங்க, கட்டில இப்படிப் போட்டா அம்மா படுத்துக்கிட்டே வெளிய பாக்கலாம்ல?" என்று அவனிடம் கேட்டாள். அவள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கால் இழுக்கிறது, இப்போது இருப்பது இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அதனால்தான் தரைத்தளத்தில் அறை இருக்கிற வீடாகத் தேடுகிறார்கள் என்று புரோக்கர் என்னிடம் சொன்னார். "அம்மா எங்க?" என்றேன். ஆட்டோவிலேயே இருக்கிறார்கள் என்றார். வெயில் கொளுத்துகிறது. ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நான் வாசலுக்குப் போனேன்.

அந்தம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். இடது கை மடியில் சும்மா கிடந்தது. வலது கையால் சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். கேட்டிலிருந்து வீட்டைப் பார்த்தார். "படி ரெண்டுதான் இருக்கு, ஏறிப்புடுவேன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "வீடு கெட்டியா இருக்குமாம்மா? எம்மக ஒரு வருசமா இதுக்காக அலைஞ்சு இளைச்சுப் போனா."

கேட்டால் மட்டும் பதில் சொல் என்றாய், கார்த்தி. கேட்டார்கள்.

நான் உள்ளே போய்ப் பவித்ராவைக் கூப்பிட்டேன். "பின்னாடி வாம்மா, ஒண்ணு காட்டணும்" என்றேன். டிரம்மை உருட்டித் தள்ளினேன். புரோக்கர் என் பின்னாலேயே ஓடி வந்தார். "அது ஹேர்லைன் கிராக்குங்க. எல்லா வீட்லயும் இருக்கறதுதான், சிமென்ட் சுருங்கறப்ப வர்றது" என்றார். அங்கே சார்த்தியிருந்த துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி விரிசலுக்குள் விட்டேன். பாதிக்கு மேல் உள்ளே போயிற்று. அஜய்க்குத்தான் முதலில் கோபம் வந்தது, அதுவும் என் மேல். "இத ஏன் ஆன்ட்டி மொதல்லயே உங்க பையன் சொல்லல? நாங்க இருக்கற வீட்ட காலி பண்றோம்னு ஓனர்கிட்ட சொல்லியாச்சு. இப்ப எங்க போறது?" என்று சத்தம் போட்டான். நின்று கேட்டுக்கொண்டேன். அவன் கேட்டதில் தப்பில்லை. பவித்ரா போனில் விரிசலைப் படம் எடுத்தாள். கேட் வரைக்கும் போனவள் திரும்பி, "நீங்க ஏன் ஆன்ட்டி சொன்னீங்க?" என்றாள். "உங்கம்மா கேட்டாங்க" என்றேன்.

சாயங்காலம் நீ கூப்பிட்டாய். அதற்குள் புரோக்கர் எல்லாவற்றையும் உன்னிடம் சொல்லியிருந்தார். நீ கத்தியதெல்லாம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பெங்களூர் ஃப்ளாட் கைவிட்டுப் போகும், மகிழுக்குப் பார்த்திருந்த பள்ளிக்கூடம் போகும், எல்லாம் உன்னால் என்றாய். நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது, "நீ எனக்கு அம்மாவா, அவங்களுக்கு அம்மாவா?" என்று கேட்டு வைத்துவிட்டாய். பதிலைக் கேட்காமல் வைக்கிறவனுக்கு எதற்குக் கேள்வி? உனக்குத்தான் அம்மா. உனக்கு அம்மாவாக இல்லாவிட்டால் எனக்கென்ன நஷ்டம்? வாயை மூடிக்கொண்டிருப்பேன். அந்த மூலை இறங்கி அந்தம்மா படுத்திருக்கிற அறையின் சுவர் பிளந்தால், அவர்கள் தேடிப் பிடித்துச் சபிக்கப்போவது என்னை இல்லை, விற்றவனை. பத்திரம் என் பேரில் இருந்தாலும் பேசி முடித்தவன் நீ. உன் தலையில் அந்தச் சாபம் விழக் கூடாது என்று ஒரு அம்மா நினைத்தால் அது குற்றமா? குற்றம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்பாவும் என்னோடு பேசவில்லை. அது உனக்குத் தெரியாது. சாப்பாட்டுத் தட்டை நானே கொண்டுபோய் வைப்பேன், சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்வார். வாக்கிங் போகிற கூட்டாளிகளிடமெல்லாம் பெங்களூர் போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தார், இப்போது அவர்கள் ஒவ்வொருவராக "எப்ப சார் கிளம்பறீங்க?" என்று கேட்கிறார்கள். நான் அவரைச் சமாதானம் செய்யப் போகவில்லை. விற்கிறோமோ இருக்கிறோமோ, விரிசலோடு அந்த மூலையை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். அம்பத்தூரிலிருந்து ஒரு கட்டட இன்ஜினியரை வரவழைத்தேன். அவர் விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டிவிட்டு, சில வாரம் கழித்து வருகிறேன் என்று போனார். திரும்பி வந்தபோது கண்ணாடி இரண்டாக உடைந்திருந்தது. இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது, இப்போது எதை வைத்து அடைத்தாலும் பக்கத்தில் வேறு இடத்தில் கிழியும், முதலில் ஏன் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். மொட்டை மாடித் தண்ணீர் முழுவதும் ஒரே குழாயில் வந்து அந்த மூலையின் காலடியில்தான் கொட்டுகிறது. பக்கத்து மனைக்காரர் மண்ணடித்து உயர்த்திய பிறகு அவர் பக்கத்துத் தண்ணீரும் இங்கேதான். களிமண் மழையில் ஊறிக் குழைகிறது, வெயிலில் சுருங்குகிறது. ஊறி ஊறி அந்தத் தூணின் அடி கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்துவிட்டது. உன் வீட்டிலும் என்றைக்காவது ஒரு கோட்டைப் பார்த்தால் உடனே பூசக் கிளம்பாதே. அது நிற்கிறதா நடக்கிறதா என்று பார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார். பூசுவது கடைசி வேலை.

ஆட்களுக்கு நான் பாபுவைத்தான் கூப்பிட்டேன். "யம்மா, எனுக்கு பட்டி இழுக்கத்தான் தெரியும், அஸ்திவாரத்துல கைய வெக்கச் சொல்றியே" என்று பயந்தான். பயப்படுகிறவன் சொன்னதைச் செய்வான் என்று நினைத்தேன். அவனே அம்பத்தூரிலிருந்து பம்ப் வைத்து மருந்து ஏற்றுகிற இரண்டு பேரைப் பிடித்துவந்தான். முதலில் மாடிக் குழாயைத் திருப்பித் தெருக் கால்வாய்க்கு விட்டார்கள். பிறகு மூலையை ஜாக்கி கொடுத்துத் தாங்கிக்கொண்டு பள்ளம் தோண்டினார்கள். ஒரேயடியாக இல்லை, கொஞ்சம் தோண்டி, குழைந்த மண்ணை வாரி, கான்கிரீட் போட்டு இறுகவிட்டு, அப்புறம் அடுத்த துண்டு. ஆவணி மாதம், மத்தியானம் ஒன்றும் தெரியாது, நாலு மணிக்கு மேல் இருட்டிக்கொண்டு வரும். அப்படி ஒரு நாள் ஆட்கள் சாமான் வாங்கப் போயிருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பள்ளம் திறந்து கிடக்கிறது, பக்கத்து மனையிலிருந்து மண் தண்ணீர் ஓடி வருகிறது. நான் தார்ப்பாயை இழுத்துப் பார்க்கிறேன், காற்றில் என்னையே தூக்குகிறது. அழுகை வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாமோ என்று அந்த ஒரு நிமிஷம் தோன்றியது.

அப்போது பின்னால் அப்பா வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகப் பள்ளத்துக்குள் இறங்கினார். இடுப்பளவுப் பள்ளம், முழங்கால் வரைக்கும் சேறு. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "பாத்துக்கிட்டே நிக்கறியே, அந்த பக்கெட்ட எடு" என்றார். ஆனி மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் மொண்டு கொடுக்க நான் வாங்கி ஊற்ற, மழை விடும் வரைக்கும் இறைத்தோம். பாபு நனைந்துகொண்டே ஓடி வந்தவன் அப்பாவைப் பள்ளத்தில் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, நீ எறங்கிட்ட? ஒடம்புக்கு ஆவுமா?" என்று கத்தினான். "கட்டினது நான்தாண்டா" என்றார் அப்பா. இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தார். மூன்றாம் நாள் எனக்கு முன்னால் எழுந்து போய்ப் பள்ளத்தின் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு வேலை முடியும் வரை மேஸ்திரி அவர்தான்.

அடி இறுகிய பிறகுதான் விரிசலில் கை வைத்தார்கள். தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்தபோது உள்ளே கம்பி துருவேறி உப்பியிருந்தது. அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வெள்ளையாக்கித் துரு பிடிக்காத மருந்து பூசினார்கள். விரிசலின் வழியெல்லாம் விரல் நீளச் சின்னச் சின்னக் குழாய்களைப் பதித்து, வெளிப்பக்கத்தை அடைத்து, கீழ்க் குழாயில் பம்பை மாட்டி எபாக்சி என்கிற பிசினை ஏற்றினார்கள். வேகமாக ஏற்றக் கூடாதாம். மெதுவாக ஏற்ற ஏற்ற உள்ளே இருக்கிற சந்து பொந்தெல்லாம் நிரம்பி, அடுத்த குழாய் வழியாக வெளியே எட்டிப் பார்த்தால் கீழ்க் குழாயை அடைத்துவிட்டு மேல் குழாய்க்குப் போக வேண்டும். முதல் குழாயில் வெகுநேரம் போய்க்கொண்டே இருந்தது. எங்கேயோ மண்ணுக்குள் ஒழுகுகிறது என்று நான் நினைத்தேன். திடீரென்று அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று கூவினார். இரண்டாவது குழாயின் வாயில் தேன் மாதிரி ஒரு சொட்டு. நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் இப்படித்தான் கூவினார் என்று உன் அத்தை சொல்வாள். கடைசியில் உத்தரத்தைச் சுற்றிப் புதிதாகக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டு மூடினார்கள். இன்ஜினியர் வந்து சுவரில் புதுக் கண்ணாடி ஒட்டிவிட்டுப் போனார். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் கொட்டித் தீர்த்தது. கண்ணாடி அப்படியே இருக்கிறது.

கார்த்திகை கடைசியில் பவித்ரா போன் செய்தாள். வானகரத்தில் லிஃப்ட் வைத்த பழைய ஃப்ளாட் ஒன்று பார்த்திருக்கிறார்களாம். "ஆன்ட்டி, நீங்க ஒரு தடவ வந்து பாக்க முடியுமா?" என்றாள். "எனக்கு இன்ஜினியரிங் தெரியாதும்மா" என்றேன். "தெரிய வேணாம் ஆன்ட்டி, கூட வந்தா போதும்" என்றாள். போனேன். விற்கிறவன் உன் வயதுப் பையன், நன்றாகப் பேசினான். அவன் அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் எல்லா அறையையும் சும்மா பார்த்தேன். படுக்கையறையில் ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட். பீரோவையும் அங்கேயே நெருக்கி நகர்த்தி வைத்திருந்தார்கள். நான் சமையலறைக்குப் போய், பையன் காதில் விழாத மாதிரி கேட்டேன்: "அந்தச் சுவத்துக்கு மட்டும் ஏம்மா புதுசா அடிச்சிருக்கீங்க?" அந்தம்மா குழாயை மூடினார். ஹாலைப் பார்த்தார். பிறகு மறுபடி குழாயைத் திறந்துகொண்டு, "பையன்தான் அடிக்கச் சொன்னான்" என்றார். நாங்கள் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தார், பவித்ராவின் அம்மாவை விசாரித்தார், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

கீழே வந்து, அந்தச் சுவரை யாரையாவது வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்று பவித்ராவிடம் சொன்னேன். பார்த்தார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, பாத்ரூம் குழாயின் கசிவு, ஒரு வாரத்து வேலை. தெரிந்தே வாங்கினார்கள், சரி செய்துகொண்டு தை பிறந்ததும் பால் காய்ச்சினார்கள். நானும் அப்பாவும் போயிருந்தோம். பவித்ராவின் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லோரையும் அதிகாரம் செய்துகொண்டிருந்தார். ஒன்றுமில்லாத ஒரு கசிவுக்காக அந்த இன்னொரு அம்மா பாத்திரம் கழுவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாரே, அது எனக்கு மறக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. பிள்ளை சொன்னதைக் கேட்டார், அவ்வளவுதான். ஆனி மாதத்தில் நானும் கேட்டிருந்தால் நம் சமையலறையில் நான் அப்படித்தான் நின்றிருப்பேன், ஹாலில் நீ சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருப்பாய். உன்னை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. நீ என்மேல் ஆயுசுக்கும் கோபமாக இருந்தாலும் சரி, வராது.

வீட்டை விற்க வேண்டுமா, விற்கலாம். எங்கே சொல்கிறாயோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் யார் வந்தாலும் முதலில் கொல்லைக்குத்தான் கூட்டிப்போவேன். இந்த மூலை இறங்கியது, இப்படித் தோண்டினோம், இப்படி அடைத்தோம் என்று அப்பா போனில் எடுத்த படங்களைக் காட்டுவேன். விலை குறையும். குறையட்டும். புரோக்கர் தலையில் அடித்துக்கொள்வார், அடித்துக்கொள்ளட்டும். அப்படியும் வாங்குகிறவன் வாங்குவான். ஒருவரும் வாங்காவிட்டால் நாங்கள் இதிலேயே இருந்துகொள்கிறோம். பாபு வாரத்துக்கு ஒரு முறை வந்து அப்பாவோடு டீ குடித்துவிட்டுப் போகிறான். இப்போது அவனுடைய விசிட்டிங் கார்டில் "அஸ்திவார விரிசல் சரி செய்யப்படும்" என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பூந்தமல்லியில் பஸ் ஏறுகிறோம். வர வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்க்காதே, டிக்கெட் போட்டதே அவர்தான். மத்தியானம் உன் வாசலில் இருப்போம். அதிரசமும் முறுக்கும் கொண்டுவருகிறேன். உனக்கு என்மேல் இருக்கிற கோபத்தையெல்லாம் சேர்த்து வைத்திரு, சாப்பிட்டு முடித்ததும் எதிரே உட்காரவைத்துத் திட்டு. நானும் பதிலுக்குத் திட்டுவேன், சும்மா இருக்க மாட்டேன். பேசாமல் மட்டும் இருக்காதே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கதவைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்று நினைத்தால், மகிழுக்கு இப்போது தாழ்ப்பாள் எட்டுகிறதாம். அவளே சொன்னாள். நேற்று உன் பெண்டாட்டி போனிலிருந்து, உனக்குத் தெரியாமல், எனக்குத்தான் கூப்பிட்டிருந்தாள்.

அம்மா